‘ட்’டும் ‘டு’வும் தொட்டுக்கொண்டால்: ஓர் இலச்சினையைக் கையால் எழுதிய அனுபவம்

மூன்று மொழியிலும் ஒரே கை எழுதியதைப் போல இருக்க வேண்டும் என்பதுதான் முதல் நாள் எனக்குச் சொல்லப்பட்ட நிபந்தனை. வந்தவர்கள் இருவர். ஒருவர் சிங்களம் பேசும் மென்பொருள் பொறியியலாளர்; மற்றவர் வயலின் வாசிக்கும் தமிழ்ப் பெண். தனித்தனியே இயங்கும் ஓவியர்கள், இசைக்கலைஞர்கள், எழுத்தாளர்கள், புகைப்படக்காரர்கள் ஒருவருடைய வேலையை இன்னொருவர் எடுத்துத் தொடரவும், சேர்ந்து ஒன்றைச் செய்து முடிக்கவும், வரும் பணத்தைப் பிரித்துக்கொள்ளவும் வசதி செய்யும் ஓர் இணையத்தளத்தை அவர்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் முழுப் பெயரை இங்கே சொல்லத் தேவையில்லை; அதில் ‘கூட்டு’ என்ற சொல் பெரிதாக நிற்கும் என்பதும், இலச்சினை முழுவதும் அந்தச் சொல்லாலேயே ஆனது என்பதும் போதும். மூன்றே எழுத்து. அந்த மூன்று எழுத்தை எழுதி முடிக்க எனக்கு ஏழு கிழமை பிடித்தது.

முதல் சந்திப்பில் நான் பேனையைத் திறக்கவில்லை. கேட்டவை இரண்டு கேள்விகள் மட்டுமே: இந்தச் சொல் ஆகச் சிறிதாக எங்கே தோன்றும், ஆகப் பெரிதாக எங்கே தோன்றும். எல்லா இடத்திலும் என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்கினால் கடைசிக் கிழமையில் தலையில் கைவைக்க நேரும். அரை மணி நேரம் கதைத்த பிறகு பட்டியல் தெளிந்தது. ஆகச் சிறியது உலாவியின் தாவலில் வரும் 16 பிக்சல் சதுரம். அதற்கடுத்தது கைப்பேசிச் செயலியின் அடையாளம். ஆப்பிளின் கடைக்கு 1024 பிக்சல் சதுரமாகவும் கூகுள் பிளேக்கு 512 பிக்சல் சதுரமாகவும் கொடுக்க வேண்டியதை, பாவிப்பவர் கட்டைவிரல் நகத்தளவிலேதான் காண்பார். ஆகப் பெரியது, ஆண்டுக்கொரு தடவை அவர்கள் நடத்த நினைத்திருந்த கூடலின் மேடைத் திரை. இவற்றுக்கிடையே சமூக ஊடகங்களின் வட்டச் சட்டகம், ரீசேட், ஸ்டிக்கர், கடிதத் தாள் ஆகியவை இருந்தன. பட்டியலை எழுதி இருவரிடமும் கையொப்பம் வாங்கினேன். அது மிகையாகத் தோன்றலாம். முன்பு ஒரு நிறுவனத்துக்கு நான் எழுதிக் கொடுத்த பெயரை அவர்கள் பேனையின் உடலில் அச்சிடக் கொடுத்து, மெல்லிய கோடுகள் எல்லாம் மறைந்துபோனதும், பிழை என்னுடையது என்று மிச்சப் பணத்தைத் தராமலே விட்டுவிட்டார்கள். அந்தப் பட்டியலில் ரீசேட் இருந்ததே தவிரத் தொப்பி இருக்கவில்லை என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

என் வேலை மேசை கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. ஒழுங்கை முகப்பில் நின்றால் 100, 101 ஆம் இலக்கப் பஸ்கள் மூன்று மொழிப் பலகைகளோடு போவதைக் காணலாம். மூன்று எழுத்துகளும் ஒரே பலகையில் எப்படி ஒத்துப்போகின்றன, எப்படி முட்டிக்கொள்கின்றன என்பதை இந்த நகரத்தில் வளர்ந்த எவருக்கும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் சொன்னது. பலகையில் தமிழ் வரிக்கு எவ்வளவு உயரம் என்று அது சொல்லவில்லை. மற்ற இரண்டு வரிகளையும் எழுதி முடித்தபின் மிஞ்சிய இடத்துக்குள் தமிழ் வரியை இடுப்பைப் பிடித்து நெரித்து வைத்திருக்கும் பலகைகளைப் பார்த்துப் பார்த்து வந்த எரிச்சலில்தான், ‘ஒரே கை எழுதியதைப் போல’ என்ற நிபந்தனையை நான் உடனே ஒப்புக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

அப்பா கொட்டாஞ்சேனையில் இருந்து பெயர்ப்பலகை எழுதியவர். செட்டியார் தெரு நகைக்கடைகளுக்கும் புறக்கோட்டை மொத்த வியாபாரிகளுக்கும் எனாமல் பெயின்ற்றால் எழுதினார். பிளெக்ஸ் பதாகை வந்த பிறகு தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவி ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு மூடியவர், அதை இன்னும் கொடுத்துவிடவில்லை. அவரிடம் நான் கற்ற முதலாவது பாடம், எழுத்தின் உயரத்தை அங்குலத்தில் யோசிக்கக் கூடாது என்பது. தூரிகையின் அகலமே அளவு. ஐந்து தூரிகை அகல உயரத்தில் எழுதினால் எழுத்து கடைக்காரர் போல நிற்கும், எட்டு அகலத்தில் எழுதினால் மெலிந்து பள்ளிப் பிள்ளை போல நிற்கும் என்பார். மூன்று மொழி எழுத்துகளையும் ஒரே உயரத்தில் அடைக்காமல், மூன்றையும் ஒரே பேனை முள்ளால், ஒரே கனத்தில் எழுதி, உயரத்தை அந்தந்த எழுத்தின் போக்கில் விடுவது என்று நான் முடிவெடுத்தது அந்தப் பாடத்திலிருந்துதான்.

பேனைக்கு, தட்டையான அகன்ற முள் கொண்ட பைலட் பரலல் வகையையே எடுத்தேன். அது 1.5 முதல் 6 மில்லிமீற்றர் வரை பல அகலங்களில் கிடைக்கிறது. இலச்சினை வேலைக்கு ஆக அகன்றதே நல்லது, ஏனென்றால் பெரிதாக எழுதிச் சுருக்கும்போது கை நடுக்கமும் சேர்ந்து சுருங்கிவிடும். அகன்ற முள்ளைப் பிடிக்கும் சாய்வு எழுத்தின் முகத்தையே மாற்றிவிடும் என்பதைத் தமிழில் எழுதிப் பார்ப்பவர்கள் முதலில் ‘ட’வில்தான் உணர்வார்கள். இலத்தீன் எழுத்துக்குப் பழகிய கைகள் முள்ளைக் கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை சாய்த்துப் பிடிக்கும். அந்தச் சாய்வில் 6 மில்லிமீற்றர் முள் கீழ்நோக்கி இழுக்கும் கோடு 5.2 மில்லிமீற்றர் தடிப்பும், பக்கவாட்டில் இழுக்கும் கோடு 3 மில்லிமீற்றர் தடிப்பும் பெறும். ‘ட’ என்பது ஒரு நிற்கும் கோடும் ஒரு கிடக்கும் கோடும் மட்டுமே. நிற்கும் கோடு தடித்து, அடிக்கோடு மெலிந்தால், கால் மெலிந்தவர் தலையில் மூட்டை ஏற்றியது போல எழுத்து தள்ளாடும். 45 பாகையில் பிடித்தால் இரண்டும் 4.2 மில்லிமீற்றராகச் சமமாகும். ஆனால் அளவில் சமமாக உள்ள இரண்டு கோடுகளில் கிடக்கும் கோடு கண்ணுக்குத் தடிப்பாகத் தெரியும் என்பது எழுத்து வேலை செய்பவர்கள் எல்லோரும் அறிந்த கண்மயக்கம். கடைசியில் 40 பாகையில் நின்றேன்: நிற்கும் கோடு 4.6, அடிக்கோடு 3.9. இதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. நாற்பது தாளுக்கு மேல் எழுதிப் பிடித்தவற்றைச் சுவரில் ஒட்டி, பிறகு பாகைமானியை வைத்து அளந்தபோது அப்படி இருந்தது.

தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 இல் தாள் தட்டுப்பாட்டால் பாடசாலைப் பரீட்சைகள் தள்ளிப்போன நாட்களிலிருந்து எனக்கு வெறுந்தாளைப் பயிற்சிக்குப் பாவிக்க மனம் வருவதில்லை. பழைய நாட்காட்டிகளின் பின்பக்கமே என் பயிற்சிக் கொப்பி. வழுவழுப்பான நாட்காட்டித் தாளில் மை ஊறாது, கோட்டின் ஓரம் கூராக நிற்கும். செய்தித்தாளில் எழுதிப் பழகுவதைத் தவிருங்கள். மை பரவி, கை செய்யாத பிழைகளைக் கை செய்ததாகக் காட்டும்.

இனிச் சிக்கலுக்கு வருகிறேன். ஆங்கில வடிவத்தை நான் முதலில் எழுதி முடித்திருந்தேன், அது எளிது என்பதால். அந்தச் சொல்லில் ‘ஓ’ (o) இரண்டு, ‘ரீ’ (t) இரண்டு பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. இரண்டு ‘ரீ’க்களின் குறுக்குக் கோட்டையும் ஒன்றாக நீட்டி, ஒரே கோடு இரண்டு தண்டுகளையும் கட்டிப்போவது போல எழுதினேன், இலத்தீன் எழுத்தில் இது பழைய தந்திரம். இருவரும் அதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்கள். சேர்ந்து வேலை செய்வதற்கான தளத்துக்கு, இரண்டு எழுத்து ஒரு கோட்டைப் பகிர்ந்துகொள்கிறது என்பதைவிட வேறென்ன வேண்டும்? தமிழிலும் சிங்களத்திலும் இதே போல இணைத்துத் தாருங்கள் என்றார்கள். நானும் சரி என்றேன். அந்தச் ‘சரி’தான் என்னுடைய மூன்று கிழமையைத் தின்றது.

சிங்கள வடிவத்தை நான் எழுதவில்லை. எனக்குச் சிங்களம் வாசிக்கவும் கதைக்கவும் வரும். ஆனால் வாசிக்கத் தெரிவதும் எழுத்தின் எலும்பு தெரிவதும் வேறுவேறு. மருதானையில் இருக்கும் என் நண்பர் ஒருவர், விகாரைகளுக்குச் சுவரெழுத்து எழுதிப் பழகியவர், அதை ஏற்றுக்கொண்டார். இணைப்புப் பற்றிச் சொன்னதும் அவர் சிரித்துவிட்டு, சிங்கள எழுத்தில் பாளி நூல்களை எழுதும் மரபில் இது ஏற்கெனவே இருக்கிறதே என்றார். உயிர் ஏறாத மெய்யை, அதற்கான குறியைப் போடாமல், அடுத்து வரும் எழுத்தோடு தோள் தொட வைத்து எழுதுவது அந்த மரபு. தொட்டு நிற்பதே இடையில் உயிர் இல்லை என்பதன் அடையாளம். இக்காலச் சிங்களத்தில் குறி போட்டு எழுதுவதுதான் வழக்கம் என்பதால், அவர் குறியையும் விடாமல், எழுத்துகளை மட்டும் மெல்லத் தொட வைத்தார். அந்தக் குறியும்கூட எழுத்தின் உடலிலிருந்தே வளர்ந்து நிற்கிறது. உருண்டை உருண்டையான எழுத்துகள் ஒன்றையொன்று தொடும்போது ஒரு கொத்து நெல்லிக்காய் போல இருந்தது; எனக்குப் பொறாமையாகவும் இருந்தது.

தமிழில் நிலைமை நேர்மாறு. நம்முடைய எழுத்தில் மெய்யோடு உகரமோ ஊகாரமோ சேரும் இடத்தில் வடிவங்கள் பிரிக்க முடியாதபடி கலக்கின்றன: ‘கூ’வின் வாலையும் ‘டு’வின் சுழிப்பையும் தனியே வெட்டி எடுக்க முடியாது. ஆனால் மெய்யும் அடுத்த எழுத்தும் சந்திக்கும் இடத்தில் நாம் ஒரு புள்ளியை வைத்து, இங்கே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டு, இரண்டையும் தனித்தனியே நிறுத்துகிறோம். ‘ட்டு’ என்று எழுதும்போது இரண்டு ‘ட’க்களும் வரிசையில் போடப்பட்ட இரண்டு நாற்காலிகளைப் போலத் தனித்து நிற்கின்றன. இது எனக்குத் தெரியாத செய்தியில்லை. தெரிந்துகொண்டே, ஆங்கிலத்தில் கிடைத்த பாராட்டின் சூட்டில், முதல் ‘ட்’டின் அடிக்கோட்டை நீட்டி இரண்டாவது எழுத்தின் தண்டின் அடியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒரே இழுப்பு, முள்ளைத் தூக்காமல். எழுதும்போது கைக்கு அவ்வளவு இதமாக இருந்தது. அன்று மாலை அதைப் போட்டோக்கொப்பி எடுக்கக் கீழே கொண்டுபோனேன். கொப்பியைக் கொப்பி எடுத்து, அதையும் கொப்பி எடுத்து, ஐந்தாவது தலைமுறையில் எழுத்து எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது என் வழக்கமான சோதனை. கடைக்கார அண்ணா தாளைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டே கேட்டார்:

“தங்கச்சி, ஆரைக் கூப்டு எண்டு எழுதியிருக்கிறீங்கள்?”

எனக்கு விளங்கவில்லை. அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். நிற்கும் கோடு, அடிக்கோடு, மீண்டும் நிற்கும் கோடு. மூன்றும் சேர்ந்தால் அது ‘ப’. தலையில் புள்ளி இருக்கிறது, ஆகவே ‘ப்’. அதன் வலக்காலையே கண் இன்னொரு முறை எடுத்து ‘டு’ என்று வாசித்துவிடுகிறது. ‘கூட்டு’ என்று எனக்குத் தெரியும் என்பதால் எனக்கு ‘கூட்டு’ தெரிந்தது. தெரியாதவருக்கு அது ‘கூப்டு’. மூன்று கிழமையாக அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்த நானும், அந்தப் பெயரை வைத்த இருவரும், நண்பரும், ஒருவர்கூட அதைக் காணவில்லை. காண்பதற்கு எங்களுக்கு வழியும் இல்லை, ஏனென்றால் நாங்கள் எவரும் அதை வாசிக்கவில்லை. தெரிந்ததைத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து என் சோதனை முறையை மாற்றிக்கொண்டேன். வேலை என்னவென்று சொல்லாமல், சொல்லைத் தனியே ஒரு தாளில் வைத்து, ஒரு நொடி காட்டி மூடிவிட்டு, என்ன வாசித்தீர்கள் என்று மட்டும் கேட்பது. வடிவாக இருக்கிறதா என்று கேட்கவே கூடாது. வடிவாக இருக்கிறது என்றுதான் நம் ஆட்கள் சொல்வார்கள், மரியாதை கருதி. கேட்கும் ஆட்களிலும் வகை வேண்டும். கடைக்கு வந்த பாடசாலைப் பிள்ளைகள், மீன் வாங்கி வரும் வழியில் பேரனின் பிறப்புச் சான்றிதழைக் கொப்பி எடுக்க நின்ற ஓர் அம்மா, ஓட்டோ ஓட்டும் தம்பி, தமிழை இரண்டாம் மொழியாகக் கற்றுக்கொண்டிருக்கும் வங்கி ஊழியர் என்று ஒரு கிழமைக்குள் இருபத்தொரு பேரிடம் காட்டினேன். இணைத்து எழுதிய வடிவத்தை அவர்களில் எட்டுப் பேர் ‘ப்’ என்று வாசித்தார்கள். இரண்டாம் மொழியாகக் கற்பவரோ சரியாக வாசித்தார், எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்ததால்.

இணைப்பைக் கைவிட வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் சொல்வது இலகுவாக இருக்கவில்லை. வயலின்காரி சற்றுக் கலங்கிவிட்டார். ஆங்கிலத்தில் சேர்ந்திருக்கிறது, சிங்களத்தில் தொட்டுக்கொண்டிருக்கிறது, தமிழில் மட்டும் பிரிந்து நிற்கிறதா, இந்த நாட்டில் அதைப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். நியாயமான கேள்வி. எழுத்தின் வடிவத்துக்காகத் தார் பூசிய ஆண்டுகள் இந்தத் தீவில் இருந்திருக்கின்றன. 1958 இல் வாகன இலக்கத்தகட்டில் இருந்த ‘ஸ்ரீ’ என்ற ஒற்றைச் சிங்கள எழுத்துக்காக நடந்தவை எங்கள் வீட்டு முதியவர்களுக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன. அவருக்கு நான் வாதத்தால் பதில் சொல்லவில்லை. இருபத்தொரு தாள்களையும், ஒவ்வொன்றின் கீழும் வாசித்தவர் சொன்னதை எழுதி, மேசையில் பரப்பினேன். ‘கூப்டு’ என்று எழுதிய எட்டுத் தாள்களையும் வாசித்துவிட்டு அவரே சிரித்தார்.

இணைப்புக்குப் பதிலாக என்ன என்பது அப்பாவிடம் போனபோது கிடைத்தது. அவர் எழுத்துகளைப் பார்க்கவில்லை, இடைவெளிகளைப் பார்த்தார். ‘ட’ என்ற எழுத்தின் மிகப் பெரிய பகுதி அதன் மைக்கோடுகள் இல்லை, கோடுகளுக்கு வலப்பக்கம் மேலே திறந்து கிடக்கும் வெள்ளை. ‘கூ’ நெருக்கமாகச் சுழித்து முடிய, அதன் பக்கத்தில் திடீரென்று ஒரு வெறும் முற்றம் திறந்தது போல இருக்கிறது. புள்ளி அதற்கு மேலே எங்கோ ஆகாயத்தில் மிதக்கிறது.

“பிள்ளை, புள்ளியை ஏன் கூரையில ஏத்தி வைச்சிருக்கிறாய்? இறக்கி மடியில வை.”

பெயர்ப்பலகை எழுதுகிறவர்கள் புள்ளியைக் கடைசியில்தான் வைப்பார்கள் என்பதைச் சிறுவயதிலேயே கண்டிருக்கிறேன். அப்பா ஏணியிலிருந்து இறங்கி, தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, மீண்டும் ஏறித் தூரிகை நுனியை ஒரு சுழற்றுச் சுழற்றிப் புள்ளி வைப்பார். ஓலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்தில், குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் விடப்பட்ட புள்ளி அது. பலகைக்காரருக்கோ அதுதான் வாசிப்பவரின் கண்ணை நிறுத்தும் ஆணி. அச்செழுத்துகளில் புள்ளி எழுத்துக்கு மேலே தனி வரிசையில் நிற்பதற்குக் காரணம், எந்த எழுத்தின் மேலும் பொருந்த வேண்டிய ஒரே புள்ளியாக அது செய்யப்படுவது. கையால் எழுதும் ஒற்றைச் சொல்லுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. புள்ளியின் உச்சியும் தண்டின் உச்சியும் ஒரே மட்டத்தில் நிற்கும் வரை அதை ‘ட’வின் வெள்ளைக்குள் இறக்கினேன். முற்றம் நிரம்பியது. சொல்லின் மேல்விளிம்பு ஒரே ஓட்டமாக வந்தது. ‘ட்’டுக்கும் ‘டு’வுக்கும் இடையே அரை முள் அகலம், அதாவது 3 மில்லிமீற்றர், வெளி விட்டேன். ‘டு’வின் தண்டை ‘ட்’டின் தண்டைவிடச் சற்றுக் குட்டையாக்கினேன்; இரண்டு தண்டுகளும் சமமாக நின்றால்தான் கண் அவற்றை ஒரு ‘ப’வின் இரண்டு பக்கங்களாகச் சேர்த்துக்கொள்கிறது என்பதை அதற்குள் கற்றிருந்தேன். புள்ளியின் வடிவத்தில் மட்டும் அப்பாவோடு ஒத்துப்போகவில்லை. அகன்ற முள் வைக்கும் புள்ளி இயல்பாகவே சாய்சதுரமாக வரும், அதுவே கையெழுத்தின் சாட்சி என்று வைத்திருந்தேன். 16 பிக்சலில் அது ஓர் அழுக்குப் போலத் தெரிந்ததும் வட்டமாக்கினேன். வட்டத்தின் விட்டம் கோட்டின் தடிப்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். சமமாக வைத்தால் சிறுத்துப் போனதாகத் தோன்றும்.

இதில் எதிர்பாராத ஆதாயம் ஒன்று கிடைத்தது. மடியில் புள்ளியோடு நிற்கும் ‘ட்’டைத் தனியே எடுத்தால், அதுவே செயலியின் அடையாளமாகவும் தாவலின் சதுரமாகவும் போதுமானதாக இருந்தது. பொறியியலாளருக்கு அது பக்கவாட்டில் பார்த்த, திறந்த மடிக்கணினியும் அதன் முன் ஒரு தலையுமாகத் தெரிந்ததாம். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாததால் எழுத்து தெரியவில்லை, உருவம் தெரிந்தது. நான் அதை நினைத்து வரையவில்லை என்று சொல்லிவிட்டேன், அவர் நம்பவில்லை.

தாளிலிருந்து கணினிக்குப் போகும் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தெரிவுசெய்த மூலத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்தேன். கணினியே தானாக உருவரை எடுக்கும் வசதியை நம்ப வேண்டாம். அது ஒரு ‘கூ’வுக்கு நூற்றுக்கணக்கான கணுக்களை, அதாவது கோட்டைப் பிடித்து நிறுத்தும் புள்ளிகளைப் போட்டு, மை ஊறலையும் எழுத்தென்று நினைத்துக்கொள்ளும். ஸ்கேனைக் கீழே மங்கலாக வைத்து, மேலே பேசியர் வளைவுகளால், அதாவது கணுவிலிருந்து நீளும் கைப்பிடிகளை இழுத்து வளைக்கும் கோடுகளால், நானே கோடிழுத்தேன். வளைவு ஆக மேலே, ஆகக் கீழே, ஆக இடப்பக்கம், ஆக வலப்பக்கம் திரும்பும் இடங்களில் மட்டும் கணு வைத்து, கைப்பிடிகளை நேர்நிலையிலும் கிடைநிலையிலும் மாத்திரம் நீட்டினால் கோடு வழுக்கிக்கொண்டு போகும். வளைந்த அடிகள் நேரான அடிக்கோட்டைவிட மயிரிழை கீழே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ‘கூ’ வரியிலிருந்து தூக்கி நிற்பதாகத் தோன்றும். இலஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளுக்குப் பணம் கட்ட வசதியில்லாதவர்கள் இங்க்ஸ்கேப் மென்பொருளில் இதே வேலையை இலவசமாகச் செய்யலாம். கை நடுக்கங்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன்: முதல் தண்டின் தலையில் முள் பதிந்த சாய்வு, ‘கூ’வின் வால் முடிவில் மை வற்றிய கீறல். சிறிய அளவு வடிவத்தில் அந்தக் கீறலையும் எடுத்துவிட்டேன்.

கணினிக்கு ‘கூட்டு’ என்பது மூன்று எழுத்தல்ல, ஆறு குறிகள்: ககரம், ஊகாரக் குறி, டகரம், புள்ளி, மீண்டும் டகரம், உகாரக் குறி. தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தெரிவுசெய்யாத மென்பொருளில் தமிழைத் திறந்தால் கொம்பும் காலும் புள்ளியும் வீட்டை விட்டு ஓடிவிடும். ஆகவே இலச்சினையோடு செல்லும் சிறிய வாசகத்தையும் எழுத்தாக விடாமல் உருவரையாக மாற்றியே அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாசகத்தில் ‘கலை’ என்ற சொல் இருந்தது. ‘லை’யைப் பழைய பலகைகளில் இருப்பது போலத் துதிக்கை வளைவோடு எழுதினால் என்ன என்று வயலின்காரி கேட்டார். எனக்கும் ஆசைதான், அப்பாவின் பழைய பலகைப் படங்களில் அந்த வளைவைப் போல அழகானது வேறொன்றில்லை. ஆனால் தமிழ்நாட்டு அரசு 1978 இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதிலிருந்து அந்த வடிவம் படிப்படியாக மறைந்து, இன்றைய பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் இல்லை. கணினி எழுத்துகளுக்கான ஒருங்குறியில் (யூனிகோட்) அதற்கெனத் தனிக் குறியீடும் கிடையாது என்பதால், தளத்தில் தட்டச்சு செய்யப்படும் ‘கலை’ ஒரு முகத்தோடும் இலச்சினையின் ‘கலை’ இன்னொரு முகத்தோடும் நிற்கும். வேண்டாம் என்றேன். இன்றும் எனக்கு அதில் அரை மனம்தான்.

நிறத்தைப் பற்றிய பேச்சைக் கடைசிக் கிழமை வரை தள்ளிப்போட்டேன். காட்டிய எல்லாமே வெள்ளையில் கறுப்பு. நிறம் வந்துவிட்டால் வடிவத்தைப் பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். ஒப்பந்தத்தில் அரைவாசிப் பணம் முன்கூட்டியே, இரண்டு தடவைத் திருத்தம், அதற்கு மேற்பட்டால் தனிக் கட்டணம், மூலத்தாள் எனக்கே என்று எழுதியிருந்தோம். உரிமை எவருக்கு, எதற்கெல்லாம் என்பதை வாய்ப்பேச்சில் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். இலங்கையில் பதிப்புரிமைக்கும் வணிகக் குறிக்கும் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமே பொருந்துகிறது. வணிகக் குறியைப் பதிவுசெய்யும் அலுவலகம் டி. ஆர். விஜயவர்தன மாவத்தையில் இருக்கிறது, பதிவு 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். ‘கூட்டு’ எல்லோருக்கும் பொதுவான சொல் என்பதால், வெறும் சொல்லை நம்பாமல் எழுதிய வடிவத்தையே குறியாகக் கொண்டுபோகும்படி அவர்களிடம் சொன்னேன்.

எல்லாக் கோப்புகளையும் கொடுத்து, மிச்சப் பணமும் வந்து, இரண்டு மாதம் கழித்து, பொறியியலாளர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். முதல் கூடலுக்காகச் செய்த தொப்பிகள். கறுப்புத் துணியில் வெள்ளை நூலால் தைத்த இலச்சினை, பார்வைக்கு நேர்த்தியாகத்தான் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். தையல் நூல் இரண்டு பக்கமும் பருத்து, ‘ட்’டுக்கும் ‘டு’வுக்கும் இடையே நான் விட்டிருந்த வெளியை முழுதாக மூடியிருந்தது. ஐம்பது தொப்பிகளிலும் ‘கூப்டு’. அன்றிரவே உட்கார்ந்து தையலுக்கென்று தனி வடிவம் ஒன்றை வரைந்தேன்: இடைவெளி ஒரு முழு முள் அகலம், ‘டு’வின் தண்டு இன்னும் குட்டை, வாலில் கீறல் இல்லை. அதைக் கட்டணமில்லாமல் அனுப்பினேன், ஏனென்றால் முதல் நாள் பட்டியலில் ரீசேட் என்று எழுதியிருந்தும், துணியில் அச்சிடுவதா தைப்பதா என்று கேட்க மறந்தது நான்தான்.